கோமாரி நோய்க்கான டி.என்.ஏ. தடுப்பூசி

கோமாரி நோய்க்கான டி.என்.ஏ. தடுப்பூசி என்பது, கோமாரி நோயை உண்டாக்கும் தீநுண்மத்தின் (வைரசு) சில மரபணுக்களை மட்டும் வட்ட வடிவ டி.என்.ஏ. மூலக்கூறு ஒன்றில் பொருத்தி, அதனைக் கால்நடையின் உடலில் செலுத்தி நோயெதிர்ப்பை உண்டாக்கும் சோதனை நிலைத் தடுப்பூசி ஆகும். இம்முறையில் உயிருள்ள தீநுண்மமோ கொல்லப்பட்ட தீநுண்மமோ உடலில் செலுத்தப்படுவதில்லை. தீநுண்மத்தின் புரதத்தை உருவாக்குவதற்கான கட்டளை மட்டுமே செலுத்தப்படுகிறது. அக்கட்டளையைப் படித்துப் புரதத்தை உருவாக்கும் பணியை விலங்கின் உயிரணுக்களே செய்கின்றன.

1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய இவ்வாய்வுகள் எலி, கினிப்பன்றி, பன்றி, செம்மறியாடு, மாடு ஆகியவற்றில் நடத்தப்பட்டுள்ளன. பன்றியிலும் மாட்டிலும் நோய்த்தடுப்பு ஏற்பட்டதாக ஆய்வு முடிவுகள் வெளிவந்துள்ளன. எனினும் கோமாரிக்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசி எதுவும் இதுவரை விற்பனைக்கு வரவில்லை. இன்றும் உலகெங்கும் கோமாரிக்குப் போடப்படுவது, வளர்த்துக் கொல்லப்பட்ட தீநுண்மத்தைக் கொண்ட தடுப்பூசியே ஆகும்.

கோமாரி நோய்

கோமாரி நோய் பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளைத் தாக்கும் தொற்றுநோயாகும். இது கால்-வாய் நோய் என்றும், பேச்சு வழக்கில் காணை என்றும் அழைக்கப்படுகிறது. மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி ஆகிய வளர்ப்பு விலங்குகளையும் மான், காட்டெருமை போன்ற காட்டு விலங்குகளையும் இது தாக்கும். குதிரை இந்நோய்க்கு ஆட்படுவதில்லை.

நோயுற்ற மாட்டிற்குக் கடுங்காய்ச்சல் ஏற்படும். நாக்கு, ஈறு, குளம்பிடை, மடிக்காம்பு ஆகிய இடங்களில் கொப்புளங்கள் தோன்றி உடைந்து புண்ணாகும். வாயிலிருந்து உமிழ்நீர் நூல் நூலாக ஒழுகும். மாடு தீவனம் தின்னாது, நொண்டும், பால் வற்றும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இறப்பதில்லை. ஆயினும் பால் தரும் திறனும் உழைக்கும் திறனும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போவதுண்டு. சில மாடுகள் குணமான பின்னும் வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும். கன்றுகளில் தீநுண்மம் இதயத் தசையைத் தாக்குவதால் அவை திடீரென இறக்கின்றன. இறந்த கன்றின் இதயத்தில் காணப்படும் வரிகளைக் கொண்டு இந்நிலையைப் 'புலி இதயம்' என்பர். ஒன்றிரண்டு கறவை மாடுகளை மட்டும் நம்பி வாழும் குடும்பத்திற்கு, மாடு இறக்காவிட்டாலும் இந்நோய் பேரிழப்பாகும்.

இந்நோய் மிக விரைவாகப் பரவக்கூடியது. நோயுற்ற விலங்கின் மூச்சு, உமிழ்நீர், பால், சாணம் ஆகியவற்றிலும், வண்டிச் சக்கரம், காலணி, தீவனம் ஆகியவற்றிலும் தீநுண்மம் பயணம் செய்யும். அறிகுறிகள் தோன்றும் முன்னரே பாலில் தீநுண்மம் வெளிப்படத் தொடங்கிவிடும். 1981ஆம் ஆண்டில் பிரான்சின் பிரித்தானி பகுதியில் தோன்றிய நோய், காற்றின் வழியாகக் கடலைக் கடந்து இங்கிலாந்தின் வைட் தீவை அடைந்தது.

தீநுண்மத்தின் அமைப்பு

1897-98ஆம் ஆண்டுகளில் செருமனியைச் சேர்ந்த பிரீட்ரிக் லோஃப்லர், பவுல் பிராசு ஆகிய இருவரும், நோயுற்ற மாட்டின் கொப்புள நீரைப் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் வடித்த பின்னும் அந்நீர் நோயை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். விலங்குகளைத் தாக்கும் தீநுண்மங்களுள் முதலில் கண்டறியப்பட்டது இதுவே.

இத்தீநுண்மம் பிக்கோர்னா குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 8,400 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஆகும். அதனைச் சுற்றி வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்னும் நான்கு புரதங்கள் ஒவ்வொன்றும் 60 படிகளாக அமைந்து உருண்டையான உறையாகின்றன. வி.பி.1 புரதத்தில் உறையின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் ஒன்று உள்ளது. தீநுண்மம் இவ்வளையத்தின் மூலமே விலங்கின் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பலவும் இவ்விடத்தையே பற்றுகின்றன. உறையின் முப்பரிமாண அமைப்பு 1989ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இத்தீநுண்மத்தில் ஓ, ஏ, சி, ஆசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3 என ஏழு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உண்டாகும் நோயெதிர்ப்பு மற்றொரு வகையிலிருந்து காப்பதில்லை. ஒரே வகையினுள்ளும் திரிபுகள் பல உண்டு. சி வகை 2004ஆம் ஆண்டிற்குப் பின்னர் எங்கும் கண்டறியப்படவில்லை. தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு உள்ள முதன்மைச் சிக்கல்களுள் இப்பல்வகைமையும் ஒன்றாகும்.

வழக்கிலுள்ள தடுப்பூசியும் அதன் குறைகளும்

1947ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெங்கல் என்பவர், இறைச்சிக்கூடங்களிலிருந்து பெற்ற மாட்டு நாக்கின் மேற்றோலில் தீநுண்மத்தை வளர்க்கும் முறையை உருவாக்கினார். பேரளவில் தடுப்பூசி உருவாக்க இது வழிவகுத்தது. 1960களில் குட்டி ஆம்சுட்டரின் சிறுநீரக உயிரணுக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவற்றில் தீநுண்மத்தைப் பெருக்கும் முறை வந்தது. பெருக்கப்பட்ட தீநுண்மம் வேதிப்பொருளால் கொல்லப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, எண்ணெய் அல்லது அலுமினியம் ஐதராக்சைடு போன்ற துணையூக்கியுடன் கலக்கப்படுகிறது.

மேற்கு ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் கோமாரி கட்டுப்பட்டது இத்தடுப்பூசியால்தான். எனினும் இதற்குப் பின்வரும் குறைகள் உள்ளன.

முதலாவது, தடுப்பூசியைத் தயாரிக்க நோய்த்திறன் மிக்க உயிருள்ள தீநுண்மத்தைப் பெருமளவில் வளர்க்க வேண்டும். ஆகவே தொழிற்சாலைகளுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு வேண்டும். முற்காலத்தில் ஃபார்மலின் கொண்டு கொல்லப்பட்ட தீநுண்மம் முழுமையாக இறவாமையால், தடுப்பூசியே நோய்க்கு வித்திட்ட நிகழ்வுகள் ஐரோப்பாவில் நிகழ்ந்தன. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் தோன்றிய கோமாரி, ஆய்வகமும் தடுப்பூசி ஆலையும் அமைந்திருந்த பிர்பிரைட் வளாகத்திலிருந்து கசிந்த தீநுண்மத்தால் உண்டானது.

இரண்டாவது, தீநுண்மத்தின் உறை வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் தாங்காமல் சிதைந்துவிடும். சிதைந்த உறை நோயெதிர்ப்பை மிகக் குறைவாகவே தூண்டும். எனவே தடுப்பூசியை ஆலையிலிருந்து தொழுவம் வரை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் கொண்டுசெல்ல வேண்டும். மின்வசதி குறைந்த வெப்ப நாடுகளின் சிற்றூர்களில் இது எளிதன்று.

மூன்றாவது, பாதுகாப்பு நீடிக்கும் காலம் குறைவு. வழக்கமான தடுப்பூசியின் பயன் ஏறத்தாழ ஆறு மாதங்களே நிலைப்பதால், ஆண்டிற்கு இருமுறை ஊசி போட வேண்டியுள்ளது.

நான்காவது, தடுப்பூசி பெற்ற விலங்கையும் நோயுற்றுத் தேறிய விலங்கையும் வேறுபடுத்தி அறிவதில் உள்ள இடர்ப்பாடு. தடுப்பூசி பெற்ற மாடு நோய்க்குறி எதுவுமின்றித் தொண்டைப் பகுதியில் தீநுண்மத்தைச் சுமந்து திரியக்கூடும். இதன் காரணமாக நோயற்ற நாடுகள், தடுப்பூசி போடும் நாடுகளிலிருந்து கால்நடைகளையும் இறைச்சியையும் வாங்கத் தயங்குகின்றன.

நான்காவது குறையின் விளைவு 2001ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டில் பிரித்தானியாவில் கோமாரி பரவியபோது அங்குத் தடுப்பூசி பயன்படுத்தப்படவில்லை. நோயைக் கட்டுப்படுத்த 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நோயுற்றவை அல்ல. அதே ஆண்டில் நெதர்லாந்தில் நோய் பரவிய பகுதியைச் சுற்றித் தடுப்பூசி போடப்பட்டது. ஆனால் ஏற்றுமதித் தகுதியை விரைவில் திரும்பப் பெறும் பொருட்டு, தடுப்பூசி பெற்ற விலங்குகளும் பின்னர் கொல்லப்பட்டன. இந்நிகழ்வுகள் புதுவகைத் தடுப்பூசிக்கான தேடலை விரைவுபடுத்தின.

டி.என்.ஏ. தடுப்பூசியின் தோற்றம்

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த சான் உல்ஃப் தலைமையிலான குழுவினர், மரபணு கொண்ட டி.என்.ஏ.வை எவ்வகைப் பூச்சுமின்றி எலியின் தசையில் ஊசி மூலம் செலுத்தியபோது, தசை உயிரணுக்கள் அம்மரபணுவுக்குரிய புரதத்தை உருவாக்கியதைக் கண்டனர். 1992ஆம் ஆண்டில் மரபணுத் துப்பாக்கி கொண்டு எலியின் தோலில் டி.என்.ஏ.வைச் செலுத்தி, எதிர்ப்பொருள் உண்டாவதை வேறொரு குழு காட்டியது. 1993ஆம் ஆண்டில் சளிக்காய்ச்சல் (இன்புளுவென்சா) தீநுண்மத்தின் மரபணு ஒன்றைச் செலுத்தி எலிகளை அந்நோயிலிருந்து காக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இதன் பின்னர் கால்நடை நோய்கள் பலவற்றிற்கும் இம்முறை முயன்று பார்க்கப்பட்டது.

செயற்படும் முறை

தடுப்பூசியில் பயன்படும் வட்ட டி.என்.ஏ. கணிமி (பிளாசுமிட்) எனப்படும். இது பொதுவாக எ. கோலி என்னும் பாக்டீரியாவில் பெருக்கப்பட்டுப் பிரித்தெடுக்கப்படுகிறது. கணிமியில் மூன்று பகுதிகள் இன்றியமையாதவை: மரபணுவை விலங்கின் உயிரணுவில் இயங்கச் செய்யும் தொடக்கி, தீநுண்மப் புரதத்திற்கான மரபணு, படியெடுத்தலை முடித்துவைக்கும் முடிப்பி. இவற்றோடு, பாக்டீரியாவில் கணிமி பெருகுவதற்கான பகுதியும் இருக்கும்.

கணிமி தசையிலோ தோலிலோ செலுத்தப்பட்டதும், அதில் ஒரு சிறு பங்கு உயிரணுக்களின் உட்கருவைச் சென்றடைகிறது. அங்கு அது தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, உயிரணுவின் கூழ்மப் பகுதியில் புரதமாக மாற்றப்படுகிறது. அப்புரதத்தை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அயற்பொருளாக இனங்காண்கின்றன. பி-உயிரணுக்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. புரதம் உயிரணுவின் உள்ளேயே உருவாவதால், தொற்றுக்குள்ளான உயிரணுக்களை அழிக்கும் டி-உயிரணுக்களும் தூண்டப்படுகின்றன. கொல்லப்பட்ட தீநுண்மத் தடுப்பூசியால் இந்த இரண்டாம் வகை எதிர்ப்பு மிகக் குறைவாகவே தூண்டப்படுகிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மரபணுக்கள்

எந்த மரபணுவைக் கணிமியில் வைப்பது என்பது குறித்து ஆய்வாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டுள்ளனர்.

முழு மரபுத்தொகை: தீநுண்மத்தின் முழு மரபுத்தொகையையும் கணிமியில் வைத்து, உயிரணுவைப் பற்றும் பகுதியை மட்டும் மாற்றிவிடுவது முதல் வழி. இதனால் உயிரணுவினுள் தீநுண்மத் துகள்கள் உருவாகும், ஆனால் அவை அடுத்த உயிரணுவைத் தொற்ற இயலாது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளம் தீவு விலங்கு நோய் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய கணிமி பன்றிகளில் நோயெதிர்ப்பைத் தூண்டுவதாக அறிவித்தனர். மாற்றப்பட்ட தீநுண்மம் மீண்டும் பழைய திறனைப் பெறக்கூடும் என்ற அச்சம் இவ்வழியின் குறையாகும்.

வெற்றுறை: இரண்டாம் வழியில், உறைப் புரதங்களுக்கான பி1-2ஏ பகுதியும், 3சி என்னும் நொதிக்கான பகுதியும் கணிமியில் வைக்கப்படுகின்றன. உறைப் புரதங்கள் முதலில் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகின்றன. 3சி நொதி அச்சங்கிலியை உரிய இடங்களில் வெட்டிய பின்னரே அவை ஒன்றுகூடி உறையாகும். இவ்வாறு உருவாகும் உறையினுள் ஆர்.என்.ஏ. இல்லாமையால் அது நோயை உண்டாக்காது. ஆனால் வெளித்தோற்றத்தில் தீநுண்மத்தை ஒத்திருக்கும். பிற்கால ஆய்வுகளுள் பெரும்பான்மையானவை இவ்வழியையே பின்பற்றின. சிலர் இதனுடன் 3டி என்னும் நொதியின் மரபணுவையும் சேர்த்தனர். 3டி நொதி ஏழு வகைகளிலும் பெரிதும் மாறாதிருப்பதால், டி-உயிரணுக்களைத் தூண்டுவதற்கு அது உதவும் என்பது இதன் நோக்கமாகும்.

பற்றிடங்கள்: மூன்றாம் வழியில், எதிர்ப்பொருள்கள் பற்றும் சிறு துண்டுகளுக்கான மரபணு மட்டும் வைக்கப்படுகிறது. வி.பி.1 புரதத்தின் வளையப் பகுதியும் அதன் வால் பகுதியும் இதற்குப் பெரிதும் பயன்பட்டன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் இம்முறை எலிகளிலும் பன்றிகளிலும் நோயெதிர்ப்பைத் தூண்டியது. பன்றிகள் நோயிலிருந்து காக்கப்பட்டன. ஆயினும் உறையில் பிற பற்றிடங்களும் உள்ளன. அவற்றுட் பல, புரதச் சங்கிலி மடிந்து முழு உருப்பெற்ற பின்னரே தோன்றுவன. அவை சிறு துண்டுகளில் அமைவதில்லை. ஓரிடத்தை மட்டும் நம்பினால், அவ்விடம் திரிபடைந்த தீநுண்மம் எளிதில் தப்பிவிடும்.

விலங்குகளில் பெற்ற முடிவுகள்

எலி: எலிகளில் கோமாரி டி.என்.ஏ. தடுப்பூசிகள் பொதுவாக நன்கு செயற்பட்டன. 2006ஆம் ஆண்டில் எசுப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பற்றிடங்களைக் கொண்ட கணிமி பெற்ற எலிகள், குறிப்பிடத்தக்க எதிர்ப்பொருள் இல்லாத நிலையிலும் தொற்றிலிருந்து காக்கப்பட்டன. எதிர்ப்பொருள் மட்டுமே பாதுகாப்பின் அளவுகோல் அன்று என்பதை இது உணர்த்தியது.

பன்றி: 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, வெற்றுறை மரபணுவும் 3டி மரபணுவும் கொண்ட கணிமியைப் பன்றிகளில் சோதித்தது. நோயெதிர்ப்பு உயிரணுக்களை ஈர்க்கும் ஜி.எம்.-சி.எசு.எஃப். என்னும் புரதத்திற்கான கணிமியும் உடன் செலுத்தப்பட்டது. பல தவணைகளுக்குப் பின் பன்றிகளில் நோயைத் தடுக்கும் அளவிற்கு எதிர்ப்பு உண்டாயிற்று. ஆனால் கொல்லப்பட்ட தீநுண்மத் தடுப்பூசியின் ஒரே தவணை தரும் பயனுக்கு, இங்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவணைகள் தேவைப்பட்டன.

செம்மறியாடு: 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், நேர்மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களின் மேல் கணிமியைப் படியவைத்துச் செம்மறியாடுகளில் செலுத்தினர். வெறும் கணிமியை விட இம்முறை மேம்பட்ட பயன் அளித்தது.

மாடு: நோயின் முதன்மை இலக்கான மாட்டில் வெற்றி காண்பது கடினமாக இருந்தது. 2012ஆம் ஆண்டில் பிர்பிரைட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, முதலில் கணிமியை மின் துளையாக்க முறையில் செலுத்தி, பின்னர் புரதத்தைக் கொண்டு ஊக்கத் தவணை அளித்தால், மாடுகளை நோயிலிருந்து காக்க முடியும் என்று காட்டியது.

பெரிய விலங்குகளில் ஏற்படும் இடர்கள்

எலியில் வெற்றி பெறும் டி.என்.ஏ. தடுப்பூசி மாட்டில் தடுமாறுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

1. உடல் அளவு: எலிக்குச் சில பத்து மைக்ரோகிராம் டி.என்.ஏ. போதும். பல நூறு கிலோகிராம் எடையுள்ள மாட்டிற்கு எடைக்கேற்ப அளவைக் கூட்டினால் செலவு மிகும். ஊசி குத்தும் இடத்தைச் சுற்றியுள்ள சில உயிரணுக்களே கணிமியை ஏற்கின்றன என்பதால், அளவைக் கூட்டினாலும் பயன் அதே விகிதத்தில் கூடுவதில்லை.

2. உட்கருத் தடை: கணிமி உயிரணுவினுள் நுழைந்தால் மட்டும் போதாது, உட்கருவையும் அடைய வேண்டும். வழியிலேயே பெரும்பகுதி நொதிகளால் சிதைக்கப்படுகிறது.

3. பொருந்தாச் சூழல்: கோமாரித் தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ. இயற்கையில் உட்கருவினுள் செல்வதே இல்லை. கணிமி வழியாக அதே வரிசை உட்கருவில் படியெடுக்கப்படும்போது, அதில் தற்செயலாக அமைந்துள்ள சில பகுதிகளை வெட்டி ஒட்டும் இடங்களாக உயிரணு கருதிச் சிதைத்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, புரதம் மாறாதபடி மரபுக் குறியன்களை மாற்றி எழுதுகின்றனர்.

4. 3சி நொதியின் நச்சுத்தன்மை: உறையை உருவாக்க 3சி தேவை. ஆனால் அந்நொதி, தீநுண்மப் புரதத்தை மட்டுமின்றி உயிரணுவின் சொந்தப் புரதங்கள் சிலவற்றையும் வெட்டுகிறது. இதனால் புரதம் போதிய அளவு உருவாகும் முன்னரே உயிரணு செயலிழக்கிறது. 3சி நொதியின் வேகத்தையோ அளவையோ குறைக்கும் மாற்றங்கள் பின்னர் கண்டறியப்பட்டன.

5. காலத் தாழ்வு: நோய் பரவும் வேளையில் போடப்படும் தடுப்பூசி ஒரு வார காலத்திற்குள் பாதுகாப்பை அளிக்க வேண்டும். திறன் மிக்க வழக்கமான தடுப்பூசி இதனைச் செய்கிறது. வாரக்கணக்கில் இடைவெளிவிட்டு இரண்டு அல்லது மூன்று தவணை தேவைப்படும் டி.என்.ஏ. தடுப்பூசியால் இது இயலாது.

6. செலவு: கால்நடைத் தடுப்பூசியின் விலை மிகக் குறைவாக இருந்தாலன்றி அதனை எளிய உழவர்களும் அரசுகளும் வாங்க இயலாது.

திறனைக் கூட்டும் முயற்சிகள்

மின் துளையாக்கம்: ஊசி போட்ட இடத்தில் மிகக் குறுகிய மின்துடிப்புகளைச் செலுத்தி உயிரணுப் படலத்தில் தற்காலிகத் துளைகளை உண்டாக்குவது இம்முறையாகும். கணிமி நுழைவது இதனால் பன்மடங்கு கூடுகிறது. ஆய்வகத்தில் இது நன்கு பயன்படினும், தொழுவந்தோறும் கருவியைச் சுமந்து சென்று ஆயிரக்கணக்கான மாடுகளுக்குச் செய்வது நடைமுறையில் கடினம்.

மரபணுத் துப்பாக்கியும் ஊசியற்ற பீச்சியும்: கணிமி பூசிய பொன் நுண்துகள்களைத் தோலினுள் செலுத்துவது மரபணுத் துப்பாக்கி. கரைசலை உயர் அழுத்தத்தில் தோலினுள் பீய்ச்சுவது ஊசியற்ற பீச்சி. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தோலில் மிகுந்திருப்பதால் இவை குறைந்த அளவு டி.என்.ஏ.விலேயே பயன் தரும்.

மூலக்கூற்றுத் துணையூக்கிகள்: நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்லியூக்கின் போன்ற புரதங்களுக்கான மரபணுக்களை உடன் சேர்ப்பதும், கணிமியிலேயே நோயெதிர்ப்பைக் கிளறும் குறுவரிசைகளை அமைப்பதும் இவ்வகையின.

தற்படியாக்கக் கணிமி: சிண்ட்பிசு போன்ற ஆல்ஃபா தீநுண்மங்களின் படியாக்க நொதி மரபணுவையும் கணிமியில் சேர்த்தால், ஒரு கணிமியிலிருந்து மிகுந்த எண்ணிக்கையில் ஆர்.என்.ஏ. படிகள் உருவாகும். இவ்வகை ஆய்வுகள் இந்தியாவிலும் நடந்துள்ளன.

முன்னூட்டமும் ஊக்கத் தவணையும்: முதலில் கணிமியையும் பின்னர் புரதத்தையோ கொல்லப்பட்ட தீநுண்மத்தையோ செலுத்துவது இதுவரை நல்ல பயன் தந்துள்ள வழிகளுள் ஒன்றாகும். ஆனால் ஊக்கத் தவணைக்குக் கொல்லப்பட்ட தீநுண்மமே தேவைப்படுமாயின், உயிருள்ள தீநுண்மத்தை வளர்க்க வேண்டியதில்லை என்ற முதன்மை நன்மை குறைந்துவிடுகிறது.

எதிர்பார்க்கப்படும் நன்மைகள்

டி.என்.ஏ. தடுப்பூசி தயாரிக்கும் ஆலையில் கோமாரித் தீநுண்மம் இருக்க வேண்டியதில்லை. எனவே கசிவு அச்சம் இல்லை. நோயற்ற நாடுகளிலும் ஆலை அமைக்கலாம். டி.என்.ஏ. மூலக்கூறு வெப்பத்தை ஓரளவு தாங்குவதால் குளிர்ச்சங்கிலியைச் சார்ந்திருப்பது குறையும். புதிய திரிபு தோன்றும்போது, அதன் மரபு வரிசை தெரிந்தாலே போதும். உரிய மரபணுவைச் செயற்கையாகத் தொகுத்துக் கணிமியில் பொருத்திவிடலாம். வழக்கமான முறையில் புதிய திரிபை உயிரணு வளர்ப்பிற்குப் பழக்க வேண்டும். சில திரிபுகள் எளிதில் பழகுவதில்லை. பழகும்போது உறையில் மாற்றம் ஏற்படுவதும் உண்டு.

நோயுற்ற விலங்கை வேறுபடுத்தி அறிவதும் இதில் எளிதாகிறது. இயற்கைத் தொற்றின்போது, உறையில் இடம்பெறாத 3ஏ, 3பி போன்ற புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் உண்டாகும். அம்மரபணுக்கள் கணிமியில் இல்லையெனில், அவ்வெதிர்ப்பொருள் இருப்பது தொற்றின் சான்றாகிவிடும். 3டி மரபணுவைச் சேர்த்த தடுப்பூசியில் 3டி எதிர்ப்பொருளை இச்சோதனைக்குப் பயன்படுத்த முடியாது. நன்கு தூய்மையாக்கப்பட்ட வழக்கமான தடுப்பூசியும் இவ்வேறுபாட்டை அறிய இடந்தருகிறது என்பதும் இங்கு கருதத்தக்கது.

பாதுகாப்புக் கேள்விகள்

செலுத்தப்பட்ட டி.என்.ஏ. விலங்கின் நிறப்புரியில் இணைந்துவிடுமா, டி.என்.ஏ.வுக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குமா, கணிமியிலுள்ள நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணு பிற பாக்டீரியாக்களுக்குச் சென்றுவிடுமா என்னும் மூன்று கேள்விகள் தொடக்கம் முதல் எழுப்பப்பட்டு வருகின்றன. நிறப்புரியில் இணையும் வாய்ப்பு மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாம் கேள்விக்குத் தீர்வாக, நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணு இல்லாத கணிமிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கப்படும் விலங்குகள் என்பதால் நுகர்வோரின் ஏற்பும் இங்கு ஒரு காரணியாகும்.

பிற நோய்களுக்கான டி.என்.ஏ. தடுப்பூசிகள்

கோமாரியில் இம்முறை தேங்கிநின்றாலும், வேறு சில நோய்களில் வெற்றி பெற்றுள்ளது. 2005ஆம் ஆண்டில் குதிரைகளைத் தாக்கும் மேற்கு நைல் தீநுண்மத்திற்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசிக்கு அமெரிக்காவும், வளர்ப்புச் சால்மன் மீன்களைத் தாக்கும் தொற்றுக் குருதியாக்கத் திசு அழிவு நோய்க்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசிக்குக் கனடாவும் ஒப்புதல் அளித்தன. 2017ஆம் ஆண்டில் சால்மன் மீனின் கணைய நோய்க்கு எதிரான தடுப்பூசி ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. மனிதருக்கான முதல் டி.என்.ஏ. தடுப்பூசி, கோவிட்-19 நோய்க்கு எதிரான சைகோவ்-டி ஆகும். இதற்கு 2021ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இந்தியா அவசரகால ஒப்புதல் அளித்தது. இதுவும் ஊசியற்ற பீச்சியின் மூலமே செலுத்தப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் கோமாரி நோய் நிலைகொண்டுள்ளது. ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று வகைகளுக்கும் எதிரான, கொல்லப்பட்ட தீநுண்மத் தடுப்பூசி இங்குப் பயன்படுகிறது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் (புரூசெல்லா) கட்டுப்படுத்தும் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் மதுராவில் தொடங்கப்பட்டது. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2030ஆம் ஆண்டிற்குள் இந்நோய்களை ஒழிப்பது திட்டத்தின் இலக்காகும்.

இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு வளாகம் கோமாரித் தடுப்பூசி ஆய்வில் முதன்மையான இடமாகும். சிண்ட்பிசு தீநுண்மத்தின் படியாக்க நொதியைப் பயன்படுத்தும் கணிமிகள் இங்கு உருவாக்கப்பட்டுக் கினிப்பன்றிகளில் சோதிக்கப்பட்டன. திரிபுகளைக் கண்காணிக்கும் பணியைப் புவனேசுவரத்தில் அமைந்துள்ள தேசிய கோமாரி நோய் நிறுவனம் மேற்கொள்கிறது.

தற்போதைய நிலை

உயிருள்ள தீநுண்மம் தேவைப்படாத தடுப்பூசி என்னும் இலக்கை அடைய, டி.என்.ஏ. தடுப்பூசியுடன் போட்டியிடும் வேறு வழிகளும் உள்ளன. வெற்றுறை மரபணுவை, பெருகும் திறனற்ற மனித அடினோ தீநுண்மத்தில் ஏற்றிச் செலுத்தும் தடுப்பூசிக்கு 2012ஆம் ஆண்டில் அமெரிக்கா நிபந்தனையுடன் கூடிய உரிமம் வழங்கியது. பூச்சி உயிரணுக்களில் வெற்றுறையை உருவாக்கி, வெப்பம் தாங்கும்படி அதனை வலுப்படுத்தும் ஆய்வுகள் பிரித்தானியாவில் நடந்தன. 2022ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலம் கோமாரிக்கான தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசித் திட்டத்தை அறிவித்தது. தூது ஆர்.என்.ஏ. உட்கருவை அடையத் தேவையில்லை என்பதால், டி.என்.ஏ. தடுப்பூசி சந்தித்த உட்கருத் தடை அதற்கு இல்லை. ஆனால் வெப்பத்தைத் தாங்குவதில் அது டி.என்.ஏ.வை விடப் பின்தங்கியது.

2025ஆம் ஆண்டில் செருமனி, அங்கேரி, சிலோவாக்கியா ஆகிய நாடுகளில் கோமாரி மீண்டும் தோன்றியது. செருமனியில் 1988ஆம் ஆண்டிற்குப் பின்னர் அதுவே முதல் நிகழ்வாகும். நோயற்ற நாடுகளும் இந்நோயின் எட்டாத் தொலைவில் இல்லை என்பதை இது காட்டியது. ஒரே தவணையில், ஒரு வாரத்திற்குள், குறைந்த விலையில் மாட்டைக் காக்கக்கூடிய டி.என்.ஏ. தடுப்பூசி இன்னும் உருவாகவில்லை. எனினும் உறைப் புரதங்கள் ஒன்றுகூடும் முறை, 3சி நொதியைக் கட்டுப்படுத்தும் முறை, டி-உயிரணுக்களின் பங்கு ஆகியன குறித்து இவ்வாய்வுகளில் பெற்ற அறிவு, பிற புதுவகைத் தடுப்பூசிகளின் ஆய்வுக்கும் பயன்பட்டு வருகிறது.